ஓடிபி போன இடம் சேலம்

கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். கல்யாணம், குற்றாலம், அத்தை வீட்டு விருந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதையெல்லாம் விடுங்கள். அம்மாவுக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்க நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து கனடா கிரெடிட் கார்டில் ஆர்டர் போட்டேன். கேஷ் ஆன் டெலிவரி அந்தப் பொருளுக்குக் கிடையாதாம். 'பணம் செலுத்த முடியவில்லை, மீண்டும் முயலவும்' என்று ஒரு வரி வந்தது, காரணம் ஒன்றும் இல்லை. பில்லிங் முகவரியில் பின்கோடுக்கு ஆறு கட்டம். எங்கள் டொரான்டோ பின்கோடும் ஆறுதான், ஆனால் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும், அந்தக் கட்டமோ எண்ணைத் தவிர எதையும் வாங்காது. சரி என்று 627-இல் தொடங்கும் அம்மா வீட்டு பின்கோடைப் போட்டால், மறுபடியும் அதே வரி.

உடனே எல்லோரும் சொல்வது, 'பேங்குக்கு போன் பண்ணு'. நடுராத்திரி எழுந்து டொரான்டோவுக்கு போன் போடுவதற்கு முன் வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். என் ஆப்பில் நிராகரித்த முயற்சியும் பதிவாகும். இதில் ஒன்றுமே இல்லை, அதாவது விஷயம் கனடா வரைக்கும் போகவே இல்லை. வெளிநாட்டு கார்டு எடுக்காத கடை அது, அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

அப்புறம் என்ஆர்ஓ கணக்கின், அதாவது வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கின், டெபிட் கார்டு. ஓடிபி அனுப்பியாச்சு என்றது, எனக்கு வரவில்லை. ரீசார்ஜ் பண்ணாமல் கிடந்த பழைய சிம்மை கம்பெனிக்காரன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். அந்த எண்ணைக் கூப்பிட்டால் சேலத்திலிருந்து ஒருவர், "நாலு மெசேஜ் வந்துச்சுங்க, யாருங்க நீங்க?" என்கிறார். பாவம், நல்ல மனுஷன்.

கிளைக்குப் போனேன். டோக்கன், சர்வர் டவுன், சாப்பாட்டு நேரம், உங்களுக்குத் தெரியாததா. எண் மாற்ற ஃபார்ம், பாஸ்போர்ட் நகல், விசா நகல். கவுன்டரில் இருந்த பெண் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஆன்லைன் யூசேஜே ஆஃப்ல இருக்கு சார்" என்றார். ஆன்லைனில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கார்டுகளுக்கு அந்த வசதியை நிறுத்தச் சொல்லி ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது, 2020 மார்ச்சிலிருந்து.

"ஆப்லயே ஆன் பண்ணிக்கலாம் சார்."

"ஆப்புக்குள்ள போகவே ஓடிபி கேக்குதேம்மா."

"அப்ப நம்பர் மாறினதும் பண்ணுங்க சார்."

இதே கிளையில் அப்பா காலத்து மேனேஜர், கையெழுத்து கோணியிருந்தால் "அண்ணாச்சி, இன்னொருக்க போடுங்க" என்று ஸ்லிப்பைத் திருப்பித் தருவார், ஆள் முகம் தெரிந்தால் போதும். இப்போது முகத்துக்கு மதிப்பில்லை, செல்போன் எண்தான் ஆள். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பை இந்தியா 2009லேயே கட்டாயமாக்கிவிட்டது, கனடாவில் என் கார்டு எண்ணை வைத்து எவனோ ஷூ வாங்கியபோது யாரும் எதையும் கேட்கவில்லை.

எண் மாறி, ஆன்லைன் வசதியையும் ஆன் செய்து, ஓடிபி என் போனுக்கே வந்தபோது வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். பணம் கழிந்தது, ஆர்டர் மட்டும் விழவில்லை! வங்கியின் கஸ்டமர் கேரில் 'காத்திருங்கள் சார்' பாட்டு. இதற்கும் விதி இருக்கிறது: கார்டில் பணம் கழிந்து கடைக்கு உறுதி போகாவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும், ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கை. அதைச் சொன்னதும் பாட்டு நின்று புகார் எண் வந்தது. பணமும் கெடுவுக்குள் திரும்பியது.

அதற்குள் தம்பி மகன் தன் யுபிஐயில் கிரைண்டரை வாங்கிவிட்டான். கையில் ரூபாயாகக் கொடுத்தேன், "ஜிபே பண்ணுங்க பெரியப்பா" என்கிறான்.