பேண்ட் கால் குறைக்க மினி தையல் மெஷின் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் இதைப் படியுங்கள்

2,499 ரூபாய் போய்விட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த மெஷின் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ரெடிமேட் பேண்ட் எது எடுத்தாலும் கால் இரண்டு மூன்று இஞ்ச் நீளமாகத்தான் இருக்கும். தீபாவளி நெருங்கிவிட்டால் எங்கள் பக்கத்து டெய்லர்கள் ஆல்ட்ரேஷன் துணியைக் கையிலேயே வாங்கமாட்டார்கள். வெட்டி, மடித்து, நேராக ஒரு தையல் ஓட்டுகிற வேலைதானே, வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நினைத்திருந்த நேரத்தில் ஃபோனில் அந்த விளம்பரம் வந்தது. ஒரு பெண் ஜீன்ஸ் காலை மடித்துத் தைக்கிறார். பக்கத் தையல் குறுக்கே வரும் தடித்த இடத்தில்கூட ஊசி நிற்காமல் ஓடுகிறது.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. விளம்பரம் போட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடிக்கிற ரகம். நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. "மேல் நூல், பாபின் நூல் இரண்டும் உள்ள மெஷின்தானே?" என்று தெளிவாகக் கேட்டேன். பாபின் என்பது கீழ் நூலைச் சுற்றி மெஷினுக்குள் வைக்கும் சின்ன உருளை. உடனே ஒரு பையன் ஃபோனில் கூப்பிட்டான். "ஆமாக்கா, பாபின் இருக்கு. எங்க அம்மாவே வீட்ல இதுலதான் தைக்கிறாங்க, நம்பி வாங்குங்கக்கா." அம்மாவைச் சொல்லி ஒருவன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? முழுப் பணத்தையும் யுபிஐயில் போட்டால் கூரியர் செலவு இல்லை என்றான். 2,499 ரூபாயைப் போட்டேன்.

வந்தது ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்து அழுத்துகிற பிளாஸ்டிக் சாமான். பக்கவாட்டில் சின்னதாக ஒரு நூல்கண்டு. அதைத்தான் பாபின் என்று சொல்லியிருக்கிறான். என் மகனின் யூனிஃபார்ம் பேண்டில் ஓட்டினேன். மேலே பார்க்கத் தையல் நேராகவே இருந்தது. திருப்பினால் அடியில் வளையம் வளையமாகச் சங்கிலித் தையல். அவன் போட்டுப் பார்க்கக் காலை நுழைத்தான். கட்டைவிரல் ஒரு வளையத்தில் மாட்டி நூல் அறுந்தது, அவ்வளவுதான், சர்ரென்று பாதி மடிப்பு பிரிந்து தொங்கியது. ஒற்றை நூல் தையல் அப்படித்தான், ஓரிடத்தில் விட்டால் வரிசையாகக் கழன்றுகொண்டே வரும். இரண்டு நூல் போடும் மெஷினில் மேல் நூலும் கீழ் நூலும் துணிக்குள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற தையல் நிற்கும். ஜீன்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத் தையல் வந்ததும் மோட்டார் முக்கியது, ஊசி வளைந்தது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. விற்கும்போது அக்கா, புகார் சொன்னதும் மேடம். "நூல் தப்பாகக் கோர்த்திருப்பீங்க, வீடியோ அனுப்புங்க மேடம்." அனுப்பினேன். "டெக்னிக்கல் டீம் பார்க்கும்." யாரும் பார்க்கவில்லை. "பெட்டி பிரித்த வீடியோ இருக்கா?" அதுவும் இருந்தது, அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது: "ஊசி வளைஞ்சிருக்கு, யூஸ் பண்ணின பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." தைத்துப் பார்க்காமல் தையல் மெஷின் சரியில்லை என்று எப்படி ஐயா தெரியும்? கடைசியில் அடுத்த ஆர்டருக்கு 200 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். என் 2,499 ரூபாயைக் கேட்டால் கூப்பன்! இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்பவர்கள் முகவரியையும் குறைதீர் அலுவலரின் பெயரையும் காட்ட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தக் கடையில் வாட்ஸ்அப் எண்ணைத் தவிர ஒன்றுமே இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பாபின் கேஸை, அதாவது பாபின் உட்காரும் சின்னக் கூட்டை, கழற்றி மாட்டும் வீடியோ கேளுங்கள், காட்டாவிட்டால் வாங்காதீர்கள். முகவரி இல்லாத கடைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். வீட்டில் பழைய கால் மெஷின் இருந்தால் எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, 16-ஆம் நம்பர் ஊசி போட்டு அதிலேயே ஜீன்ஸ் காலைத் தையுங்கள். ஏமாந்துவிட்டால் 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். நானும் அங்கே புகார் கொடுத்துவிட்டேன். 2,499 ரூபாயை விடப்போவதில்லை.