எல்லையில் "பேப்பரைக் கொடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்" என்று வருபவரிடம் கார்னெட்டைக் கொடுக்காதீர்கள்

தனியாக பைக்கில் நாடு விட்டு நாடு போகக் கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கார்னெட் என்பது வண்டியைத் தற்காலிகமாக இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோகச் சுங்கத்தில் காட்டுகிற புத்தகம். மாதக்கணக்கில் திட்டம் போட்ட பயணத்தின் முதல் நாளே, முதல் எல்லையிலேயே, ஒரு ஆள் என்னிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டியைச் சட்டப்படி உள்ளே கொண்டுவராமலே என்னை ரோட்டில் அனுப்பி வைத்தான். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அவன் கொடுத்த தாள்களோடு நான் ஒரு விபத்தில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

எந்த எல்லை என்று எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது போகிற வழியில் போகட்டும். அதோடு, இது அந்த ஒரு இடத்தில் மட்டும் நடப்பதும் இல்லை. பைக்கில் சுற்றுகிற யாரிடம் பேசினாலும் இதே மாதிரி ஒரு ஆளைப் பற்றிச் சொல்வார்கள்.

முதல் நாள் உடம்பு எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். முந்தின இரவு தூக்கம் வராது, இருட்டோடு கிளம்பியிருப்போம், இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் கட்டிய பை என்று வண்டியின் எடையே மாறியிருக்கும், திருப்பத்தில் அது எப்படிச் சாய்கிறது என்று கை இன்னும் பழகியிருக்காது. அந்த நிலையில் மதிய வெயிலில் ஜாக்கெட்டும் பூட்ஸுமாக எல்லையில் போய் நிற்கிறோம். காரில் வருகிறவர்களில் ஒருவர் பேப்பரை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போவார், இன்னொருவர் வண்டியில் உட்கார்ந்திருப்பார். தனியாக வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. கவுண்டர் ஒரு கட்டடத்தில், வண்டி வெளியே வெட்டவெளியில், அதன்மேல் அடுத்த பல மாதத்துக்கான அத்தனை பொருளும் கட்டியிருக்கிறது. இந்த இடத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் இமிகிரேஷன் முடித்து வெளியே வந்தபோது அவன் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கழுத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அடையாள அட்டை, கையில் கிளிப் வைத்த அட்டை, அதில் வேறு வண்டிகளின் எண்கள் எழுதிய தாள். பார்த்தால் அலுவலக ஆள் என்றுதான் தோன்றும். உள்ளே இருந்த காவலர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்? "சார், நீங்க வண்டிகிட்டயே இருங்க, சாமானெல்லாம் இருக்குல்ல, கஸ்டம்ஸை நான் முடிச்சுட்டு வர்றேன்" என்ற அர்த்தத்தில் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான். கார்னெட், வண்டியின் பதிவுச் சான்று இரண்டையும் வாங்கிக்கொண்டு போனான். பாஸ்போர்ட்டையும் கேட்டான், அதைக் கொடுக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து வந்தான். கையில் மூன்று தாள்கள்: சுங்க அனுமதி என்று ஒன்று, மூன்றாம் நபர் காப்பீடு என்று ஒன்று, சாலை வரி, வண்டிக்குக் கிருமிநாசினி மருந்து தெளிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ரசீது. கார்னெட்டைத் திறந்து பார்த்தேன், அதில் ஒரு முத்திரையும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இந்த எல்லையில் கார்னெட் தேவையில்லை, இந்த அனுமதிச் சீட்டே போதும், உங்களுக்கு ஒரு பக்கம் மிச்சம்" என்று எனக்கு ஏதோ நல்லது செய்தது போலச் சொன்னான். கார்னெட் இல்லாமல் தற்காலிக இறக்குமதி அனுமதி மட்டும் கொடுக்கிற நாடுகள் நிறைய இருப்பதால் அந்தப் பொய் நம்பும்படிதான் இருந்தது. பணத்தை அங்கேயே மாற்றிக் கொடுத்ததும் அவனோடு நின்ற இன்னொருவன்தான். கால்குலேட்டரில் தட்டிக் காட்டிய தொகைக்கும் கையில் வந்த நோட்டுக்கும் வித்தியாசம் இருந்ததை இரவில்தான் எண்ணிப் பார்த்தேன். ஒரு நோட்டை நடுவில் மடித்து வைத்து, ஓரங்களை விரலால் தள்ளி எண்ணினால் அது இரண்டாகத் தெரியும். பணம் மாற்றினால் நோட்டுகளைப் பிரித்து, அவன் முன்னாலேயே, நீங்களே எண்ணுங்கள்.

சாயங்காலம் ஒரு செக்போஸ்டில் நிறுத்தினார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதர். லைசென்ஸ், சர்வதேச ஓட்டுநர் அனுமதி எல்லாம் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். காப்பீட்டுத் தாளை மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, வண்டியின் ஹேண்டிலுக்குக் கீழே குனிந்து சேசிஸ் எண்ணை வெளிச்சம் அடித்துப் படித்தார். தாளில் எழுதியிருந்த எண்ணில் ஒரு இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்து இருந்தது. 17 இலக்கச் சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்துகளும் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்றே அவற்றை விட்டுவிட்டார்கள். பூஜ்யத்தை ஒரு குமாஸ்தா தவறாக எழுதியிருக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் பேசாமல் முத்திரையைக் காட்டினார். வட்டத்துக்குள் தேதி இருக்க வேண்டிய இடத்தில் பேனாவால் எழுதியிருந்தது, வரிசை எண் எங்கேயும் இல்லை, ஊதா மை விரல் பட்டதும் இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று தாளும் ஒரே ரப்பர் ஸ்டாம்ப். சுங்கத்துக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரே ஸ்டாம்ப் எப்படி இருக்கும்?

அவர் நினைத்திருந்தால் வண்டியைப் பறிமுதல் செய்திருக்கலாம். இரவு எங்கேயும் ஓட்டாதே, காலையில் எல்லைக்கே திரும்பிப் போ என்று எழுதிக் கொடுத்து, செக்போஸ்ட் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார்.

இங்கே கார்னெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கிளம்புகிற பலர் இதை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே தவிர, ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்க மாட்டேன், திரும்ப வெளியே கொண்டுபோய்விடுவேன் என்பதற்கான உத்தரவாதம் அது. நம் பணத்தைப் பிணையாக வைத்துக்கொண்டு மோட்டார் சங்கங்கள் கொடுக்கின்றன. தனியார் வண்டிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோவது பற்றி 1954ல் நியூயார்க்கில் போட்ட ஒப்பந்தத்தில் இருந்து வருகிற ஏற்பாடு. ஒவ்வொரு பக்கமும் மூன்று பகுதி. கீழே இறக்குமதிச் சீட்டு, உள்ளே நுழையும்போது சுங்கத்தார் கிழித்து வைத்துக்கொள்வார்கள். நடுவில் ஏற்றுமதிச் சீட்டு, வெளியேறும்போது கிழிப்பார்கள். மேலே இருக்கிற அடிக்கட்டை நம் புத்தகத்திலேயே இருக்கும், அதில் நுழைந்த முத்திரை ஒன்று, வெளியேறிய முத்திரை ஒன்று, இரண்டும் விழ வேண்டும். நுழைந்தபோது முத்திரை விழவில்லை என்றால் அந்த நாட்டைப் பொறுத்தவரை உங்கள் வண்டி கடத்தல் பொருள். வெளியேறியபோது விழவில்லை என்றால் வண்டி அங்கேயே இருப்பதாகக் கணக்கு, இறக்குமதித் தீர்வையைச் சங்கத்திடம் கேட்பார்கள், சங்கம் உங்கள் பிணையில் கைவைக்கும்.

பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் உள்ளே வருவது ஒரு வேலை, வண்டி உள்ளே வருவது தனி வேலை. இரண்டும் வேறு வேறு அதிகாரிகள், பல இடங்களில் வேறு வேறு கட்டடம். அந்த இரண்டாவது வேலையைத்தான் இடையில் இருப்பவன் கையில் வாங்கிக்கொள்கிறான்.

மறுநாள் காலை சுங்க அறைக்கு நானே போனேன். அந்த அதிகாரி செக்போஸ்ட் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே வந்து சேசிஸ் எண்ணை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார், கீழ்ச் சீட்டைக் கிழித்தார், அடிக்கட்டையில் அலுவலகப் பெயரோடும் தேதியோடும் முத்திரை குத்தினார். ஒரு காசு வாங்கவில்லை. காப்பீடு விற்கிற ஜன்னல் அதே வளாகத்தில், இருபது முப்பது அடி தூரத்தில் இருந்தது. அவன் வாங்கியதில் சின்னப் பங்குதான் அங்கே கேட்டார்கள். வெளியே நிற்கும் ஆட்களைப் பற்றிச் சொன்னபோது அதிகாரி தலையை ஆட்டினார், அவ்வளவுதான். எனக்கு அவனைவிட இந்தத் தலையாட்டல் மீதுதான் கோபம். அந்த வளாகத்துக்குள் அட்டை மாட்டிக்கொண்டு தினமும் நடமாட விடுகிறார்கள் என்றால் அது தெரியாமல் நடப்பது இல்லை.

எல்லா ஏஜென்ட்டும் திருடன் என்று நான் சொல்லவில்லை. சில நாடுகளில் வெளிநாட்டு வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாட்டாளர் வைத்தே ஆக வேண்டும், துறைமுகத்தில் வண்டியை எடுக்கும்போது விவரம் தெரிந்த ஒருவர் இல்லாமல் முடியாது. அப்படிப்பட்டவரைக் கிளம்புவதற்கு முன்பே, ஏற்கெனவே அந்த வழியில் போனவர்களிடம் கேட்டுப் பிடியுங்கள். ரோட்டில் எதிரே வந்து வண்டியை மறிப்பவர் அந்த வகை இல்லை. அப்படியே யாராவது உதவிக்கு வந்தாலும் கவுண்டர் வரைக்கும் கூடவே நடங்கள், காகிதம் உங்கள் கையிலேயே இருக்கட்டும், பணத்தை ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரிடம் கொடுத்து வரிசை எண் போட்ட ரசீதை வாங்குங்கள். சாமானைப் பற்றிய பயம் நியாயமானது. பாஸ்போர்ட், பணம், கேமராவை ஒரே சின்னப் பையில் போட்டு உடம்போடு வைத்துக்கொண்டு, மற்றதைப் பூட்டி, வண்டியைக் காவலர் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்துங்கள். வரிசையில் நிற்கிற லாரி ஓட்டுநர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் பார்த்துக்கொள்வார்கள். எந்த அறைக்கு முதலில் போக வேண்டும் என்பதும் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும், அதற்குக் காசும் கேட்க மாட்டார்கள்.

வண்டியை எடுக்கும்போது அவன் அங்கேதான் இருந்தான், அதே அட்டையோடு. அப்போதுதான் வந்து நின்ற ஒரு பெண்ணின் பைக் பக்கத்தில், கையை நீட்டிக் கார்னெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பினான். நான் இறங்கிப் போய் என் மூன்று போலித் தாளையும் அவரிடம் காட்டினேன், சுங்க அறை எந்தக் கதவு என்று சொன்னேன், அவர் திரும்பி வரும்வரை இரண்டு வண்டிக்கும் பக்கத்தில் நின்றேன்.