ஃபோன்டேனா, கோச்சிஷா? என் ஓட்டு கோச்சிஷுக்கு

நண்பர்கள் ஆளுக்கொரு 1950களின் உலகக் கால்பந்து அணியைத் தேர்ந்தெடுத்தோம். கோல் அடிக்கும் இடத்துக்கு எனக்குக் கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர்: பிரான்சின் ஜுஸ்ட் ஃபோன்டேன், ஹங்கேரியின் ஷாண்டோர் கோச்சிஷ். மற்றவர்கள் ஃபோன்டேன் பக்கம் போனார்கள். நான் கோச்சிஷை எடுத்தேன்.

எண்களை மட்டும் பார்த்தால் ஃபோன்டேன்தான் மேலே. 1958 ஸ்வீடன் உலகக் கோப்பையில் ஆறு ஆட்டங்களில் 13 கோல். ஒரே உலகக் கோப்பையில் அதைத் தாண்ட இன்றுவரை ஆளில்லை. கோச்சிஷ் 1954இல் ஐந்து ஆட்டங்களில் 11. நாட்டுக்காக ஃபோன்டேன் 21 ஆட்டங்களில் 30, கோச்சிஷ் 68 ஆட்டங்களில் 75. விகிதம் முன்னவருக்குச் சாதகம், நீடித்த ஆட்டம் பின்னவருக்கு.

பந்து எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தது என்ற வாதம் இங்கே செல்லாது. இருவருக்குமே அணியில் அப்படித் தோழர்கள் உண்டு: ஃபோன்டேனுக்குக் கோபா, கோச்சிஷுக்கு ஹிடெக்குட்டியும் புஷ்காஷும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு: அணி இக்கட்டில் இருக்கும்போது வந்த கோல் யாருடையது? கோச்சிஷின் 11இல் ஏழு, கொரியாவை 9-0, மேற்கு ஜெர்மனியின் பலவீனமான அணியை 8-3 என்று நொறுக்கியபோது வந்தவை. அவற்றை நான் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் அந்த ஜெர்மனி ஆட்டத்தில் புஷ்காஷின் கணுக்கால் அடிபட்டது. கால் இறுதியும் அரை இறுதியும் அவர் இல்லாமலே நடந்தன. பிரேசிலுக்கு எதிராக கோச்சிஷ் இரண்டு. அப்புறம் உருகுவே. அதுவரை உலகக் கோப்பையில் ஒரு முறைகூடத் தோற்காத அணி அது. 0-2 என்று பின்தங்கியும் 2-2 ஆக்கிவிட்டது. கூடுதல் நேரத்தில் கோச்சிஷ் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார், ஹங்கேரி இறுதிக்குப் போனது. சோர்ந்த கால்களோடு இரண்டு மணி நேரத்தை நெருங்கும்போது அப்படி எழும்புகிற ஆளைத்தான் என் அணிக்குத் தேடினேன்.

ஃபோன்டேனின் 13இல் நான்கு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வந்தவை. பிரேசிலுக்கு எதிரான அரை இறுதியில் அவர் அடித்து 1-1 ஆக்கினார். அந்தத் தொடரில் பிரேசில் வாங்கிய முதல் கோல் அதுதான். பிறகு தடுப்பாட்டக்காரர் ஜோன்கே காயப்பட, மாற்று ஆள் இல்லாத அந்தக் காலத்தில் பிரான்ஸ் 5-2 என்று சரிந்தது. அதில் ஃபோன்டேனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பழைய படச்சுருள் துண்டுகளில்தான் இருவரையும் பார்த்திருக்கிறேன். அதனால் வேகம், பந்துக் கட்டுப்பாடு பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

இருவரின் கதையும் பாதியில் முறிந்ததுதான். 1956 புரட்சிக்குப் பிறகு கோச்சிஷ் ஹங்கேரி திரும்பவில்லை. 27 வயதில் தேசிய அணி முடிந்தது. 1960 மார்ச்சில் பார்சிலோனாவுக்காக இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அணியை அதன் மைதானத்திலேயே 5-2 என்று வென்றபோது அவர் நான்கு கோல் அடித்தார். அதே மாதம் ஃபோன்டேனின் கால் முறிந்தது. ஒரு வருடத்துக்குள் மீண்டும் முறிந்தது. 28 வயதில் ஓய்வு. பிரான்சின் தொழில்முறை வீரர்கள் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர், அதன் முதல் தலைவர் என்பதற்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

உலகக் கோப்பையோ, கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையோ கோச்சிஷுக்குக் கிடைக்கவில்லையே என்று நண்பர்கள் கேட்பார்கள். சரிதான். 1954 இறுதியில் அவர் கோல் அடிக்கவில்லை. பெர்னில் ஹங்கேரி 3-2 என்று ஜெர்மனியிடம் தோற்றது. 1961இல் அதே மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதி. பார்சிலோனாவின் முதல் கோல் அவர் தலையால் போட்டது. பென்ஃபிகாவிடம் மறுபடியும் 3-2. ஆறு ஆட்டத்துக்கு மட்டும் ஆள் வேண்டும் என்றால் ஃபோன்டேனை எடுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன். எட்டு வருடத்துக்கு என்றால் கோச்சிஷ்.