கோத்தமும் பென்னிவொர்த்தும்: பேட்மேனுக்கு முந்தைய இரு கதைகள்

பேட்மேன் காமிக்ஸின் துணைப் பாத்திரங்களை நாயகர்களாக்கி, புரூனோ ஹெல்லர் இரண்டு தொலைக்காட்சித் தொடர்களை உருவாக்கினார். 2014 முதல் 2019 வரை ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 100 பகுதிகளாக வெளிவந்த ‘கோத்தம்’, இளம் துப்பறிவாளர் ஜிம் கார்டனைப் பின்தொடர்கிறது. 2019-இல் தொடங்கி மூன்று பருவங்களில் 30 பகுதிகளோடு முடிந்த ‘பென்னிவொர்த்’, பிற்காலத்தில் பேட்மேனின் குடும்பமான வேய்ன் குடும்பத்தின் பணியாளராகும் ஆல்ஃபிரெடின் இளமையைச் சொல்கிறது.

முன்கதைக்கே உரிய இடர்ப்பாடு, முடிவு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான். கார்டன் காவல் ஆணையராவார், பேட்மேனின் பிற்கால எதிரிகளான பெங்குவினும் ரிட்லரும் பிழைத்திருப்பார்கள் என்பதை அறிந்தே பார்ப்பதால், ‘கோத்தம்’ தொடரில் அவர்களுக்கு நேரும் ஆபத்துகள் நம்மை அதிகம் அசைப்பதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்வது ராபின் லார்ட் டெய்லரின் பெங்குவின்: குற்றக் கும்பல் தலைவிக்குக் குடை பிடிக்கும் எடுபிடியாக அறிமுகமாகி, அவமானங்களை விழுங்கியபடியே நிழலுலகின் உச்சிக்கு ஏறும் அவருக்கு முன்னால், நேர்மையான கார்டன் (நாயகன் அவரே என்றாலும்) சற்று வெளிறித்தான் தெரிகிறார்.

‘பென்னிவொர்த்’ களத்தையே மாற்றி இச்சிக்கலைக் குறைத்துக்கொள்கிறது. அதன் களம் 1960-களின் லண்டனை ஒத்திருந்தாலும், மரண தண்டனை மக்கள் முன்னிலையில் நிறைவேற்றப்படுவதும் உள்நாட்டுப் போர் மூள்வதுமான கற்பனை இங்கிலாந்து அது. முன்னாள் சிறப்புப் படை வீரரான ஆல்ஃபிரெட் தப்பிப்பார் என்று தெரிந்தாலும், அவருடைய காதலிக்கும் நண்பர்களுக்கும் என்ன நேரும் என்பது தெரியாது. அதனால் என் தேர்வு இதுவே. மூன்றாம் பருவத்தில் சிறப்பாற்றல் கொண்டவர்களும் நுழைந்தபோது மட்டும் அதன் தனித்தன்மை சற்றுக் கரைந்தது.