வெள்ளக்காலத்தில் நியமிப்பு: எந்த ஆய்வுகூடம் கைகொடுக்கும்?

வடகீழ்ப் பருவமழைக்குத் திருகோணமலை மாவட்டத்தின் வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளம் ஏறினால் உயர்தர இரசாயன வகுப்பு போனுக்கு மாறிவிடும். கோட்பாட்டை அதில் நடத்தலாம். நியமிப்புச் செய்முறைதான் (ஒரு கரைசலை அளந்து விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டறிவது) இடிக்கும். பிள்ளைகள் எந்தப் பிழையை விட்டுப் பார்க்க இடம் தருகிறது என்பதை வைத்தே ஒவ்வொரு வழியையும் இங்கே எடைபோடுகிறோம்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற பாவனைத் தளம், அதாவது திரையில் செய்துபார்க்கும் மாதிரிச் சோதனைகள், இலவசம். ஒவ்வொரு பாவனையும் ஒரே கோப்பாக இறங்கும். பிறகு இணையம் தேவையில்லை. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி. அமில-காரப் பாவனையில் லீற்றருக்கு 0.01 மூல் செறிவுள்ள வன்னமிலத்தின் பிஎச் 2. செறிவைத் தொடாமல் மென்னமிலத்துக்கு மாற்றினால் பிஎச் ஏறும், மின்குமிழ் மங்கும். வன்மை வேறு, செறிவு வேறு என்பது அந்த நொடியில் விளங்கும். ஆனால் அதில் அளவி (கரைசலைத் துளித்துளியாக அளந்து விடும் நீண்ட குழாய்) இல்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கெம்கலெக்டிவ் என்ற இணைய ஆய்வுகூடத்தில் நியமிப்புச் செய்யலாம். ஊற்றும் முறையைத் துல்லியத்தில் விட்டால், பிள்ளை கனவளவைத் தட்டச்சுச் செய்து முடித்துவிடும். யதார்த்த முறைக்கு மாற்றிக் கொடுங்கள். அப்போதுதான் கை தவறி, நிறம் மாறும் முடிவுப் புள்ளியைத் தாண்டும், திரும்பச் செய்யும். செறிவு திரையிலேயே தெரியும் பயிற்சிகள் வேண்டாம். செறிவு தெரியாத கரைசல் உள்ளதாகப் பார்த்துக் கொடுங்கள். சின்னத் திரையில் குடுவைகளை இழுத்து வைப்பது சிரமம், மடிக்கணினி வேண்டும்.

இரண்டிலும் நடக்காத பிழைகள் உண்டு. அளவியின் நுனியில் காற்றுக்குமிழ் நின்று பாதியில் வெளியேறினால், அதன் கனவளவும் வாசிப்பில் சேரும். கூம்புக்குடுவையை அமிலத்தாலேயே கழுவினால் மூல் எண்ணிக்கை கூடி வாசிப்பு ஏறும். இவற்றைக் காட்ட ஆசிரியர் உண்மையான அளவியைக் கமராவுக்கு முன் வைத்தே ஆகவேண்டும். ஒரே ஒரு வழிதான் கிடைக்கும் என்றால் நாங்கள் இதைத்தான் எடுப்போம்.

அதிலும் பொறி இருக்கிறது. போனை அளவியின் நடு உயரத்தில் பொருத்திவிட்டால், தொடக்கப் பிறையுரு (அளவியில் கரைசலின் வளைந்த மேல்மட்டம்) கமராவுக்கு மேலே நிற்கும். கீழிருந்து பார்ப்பதால் வாசிப்பு கூடும். இறுதிப் பிறையுரு கீழே நிற்கும். மேலிருந்து பார்ப்பதால் வாசிப்பு குறையும். இரண்டும் சேர்ந்து, செலவான கனவளவைக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு வாசிப்புக்கும் போனைப் பிறையுருவின் மட்டத்துக்கு நகர்த்துங்கள். நிறங்காட்டியான பினோத்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பைப் போன் தானாகவே வெள்ளையாக்கிவிடக்கூடும். அதனால் அதே கனவளவு நீரில் 2 துளி பினோத்தலீன் விட்ட இன்னொரு குடுவையை வெள்ளை ஓட்டின் மேல் பக்கத்திலேயே வையுங்கள். நிறம் 30 செக்கன் நிலைத்தால்தான் முடிவுப் புள்ளி.

பிள்ளையின் கையும் பழக வேண்டுமே. வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரில் 10 மி.லீ. எடுக்கட்டும். மஞ்சள்தூள் ஊறிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சில துளி விட்டால் சிவக்கும். நிறமற்ற வினாகிரியைப் பத்து மடங்கு ஐதாக்கி, 10 மி.லீ. சிரிஞ்சால் துளித்துளியாக விட, ஏறக்குறைய 5 முதல் 6 மி.லீ.யில் மஞ்சளாகும். வினாகிரி மென்னமிலம், சுண்ணாம்பு வன்காரம். சமவலுப் புள்ளி (அமிலமும் காரமும் சரிக்குச் சரி தாக்கி முடியும் இடம்) காரப் பக்கம் விழுவதால் மஞ்சள் இங்கே பொருந்துகிறது. அப்பச்சோடா வேண்டாம்: அதன் கரைசலின் பிஎச் மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும் எல்லையிலேயே நிற்பதால் நிறம் தெளியாது.

சுண்ணாம்புநீர் திறந்திருந்தால் காற்றின் காபனீரொட்சைட்டை இழுத்து வெண்படலம் கட்டி வலுவிழக்கும். ஸ்பிரிட்டை அடுப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவி, வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சோடியம் ஐதரொட்சைட்டை மட்டும் எக்காரணத்துக்கும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.