பெரிய அட்வென்ச்சர் வண்டிகளும் டெல்டாவின் சாலையோரமும்

மன்னார்குடி நண்பர் ஒருவர் பெரிய அட்வென்ச்சர் வண்டி (நெடும்பயணத்துக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற உயரமான மோட்டார் சைக்கிள்) வாங்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். பல ஆண்டுகளாக சுசுகி வி-ஸ்ட்ராம் 650 எக்ஸ்டி ஓட்டுகிறவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார். அவர் மனத்தில் இருப்பவை பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ், டிரையம்ப் டைகர் 1200, ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் ஆகிய மூன்றும். குதிரைத்திறன் கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் அவற்றை விட்டுவிட்டு, இத்தனை காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரே விஷயத்தை எழுதுகிறேன்: வண்டியை நிறுத்தும்போது இடது காலுக்குத் தரை எட்டுகிறதா என்பதே அது.

என் வண்டியின் இருக்கை உயரம் 835 மிமீ, பெட்ரோலோடு எடை 216 கிலோ. ஷோரூமின் சமதரையில் இந்த எண்கள் யாரையும் பயமுறுத்துவதில்லை. ஆனால் நம் பக்கத்துச் சாலைகள் தாருக்கு மேல் தார் போட்டு உயர்ந்தவை. ஓரத்து மண்ணோ மழைக்கு மழை கரைந்து நான்கு விரற்கடை தாழ்ந்து கிடக்கும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், அதைச் சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள், எதிரே பேருந்து வரும். நாம் ஓரங்கட்டித்தான் ஆக வேண்டும். அண்மையில் திருத்துறைப்பூண்டிச் சாலையில் அப்படி ஓரங்கட்டியபோது, நீட்டிய காலுக்கு மண் எட்டவில்லை. எட்டியபோது அது ஈரக் களியாக இருந்தது. பாதம் வழுக்கியதும் வண்டி மெல்லச் சாய்ந்தது. ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் 216 கிலோவை எந்தக் காலாலும் தாங்க முடியாது. கிளட்ச் லீவர் முனையில் ஒடிந்தது, கைக்காப்பு சிராய்த்தது. நெல் கிளறிக்கொண்டிருந்த இருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். லீவரை மாற்றியாயிற்று. வண்டியில் குறை ஒன்றும் இல்லை, குறை சாலையின் விளிம்பில் இருக்கிறது. ஆனால் அந்த விளிம்பில்தான் நாம் அன்றாடம் வண்டியை நிறுத்துகிறோம்.

இந்தக் கண்ணோடு நண்பரின் பட்டியலைப் பார்க்கிறேன். 2023இல் வெளிவந்த ஆர் 1300 ஜிஎஸ் 237 கிலோ. முந்தைய ஆர் 1250 ஜிஎஸ்ஸின் 249 கிலோவிலிருந்து 12 கிலோ குறைத்திருக்கிறார்கள். எஞ்சினின் அளவைக் கூட்டிவிட்டு எடையைக் குறைத்தது பெரிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதில் கூடுதல் வசதியாகக் கிடைக்கும் உயரக் கட்டுப்பாடு, நிற்கும்போது 850 மிமீ இருக்கையை 820க்கு இறக்கிவிடும். அதாவது நின்ற நிலையில் என் வண்டியைவிட அது தாழ்வானது. திருச்சி நண்பர் ஒருவரின் ஆர் 1250 ஜிஎஸ்ஸைக் கல்லணைச் சாலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சிலிண்டர்கள் இரண்டும் பக்கவாட்டில் படுத்திருப்பதால் எடை கீழே தங்குகிறது. நடை வேகத்தில் என் வண்டியைவிட அது இலகுவாகத் தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாய்க்கால் மதகுகளின் குறுகிய பாலங்களில், அதே சிலிண்டர்கள் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கின்றன என்ற நினைப்பு மட்டும் விலகவே இல்லை.

டைகர் 1200இல் எக்ஸ்ப்ளோரர் வகைகளுக்கு 30 லிட்டர் தொட்டி. டேங்க் நிரம்பினால் பெட்ரோலே 22 கிலோ வரும். தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரை நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்கிறது. பாலைவனம் கடக்க வேண்டிய சுமையை இடுப்புக்கு மேலே ஏற்றிக்கொண்டு நாம் ஏன் களிமண்ணில் கால் ஊன்ற வேண்டும்? ஆப்பிரிக்கா ட்வினின் 21 அங்குல முன்சக்கரம் குண்டுகுழிகளை அழகாக விழுங்கும். ஆனால் அதுவும் உயரமான வண்டிதான், என் கவலையை அது தீர்க்காது.

என் வண்டியில் நான் எதிர்பாராமல் கண்ட சந்தோஷம் ஒன்று உண்டு. வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மணிக்கு 30 கிலோமீட்டரில் மைல்கணக்கில் ஊர்ந்தாலும் அதன் வி-ட்வின் (வி வடிவில் அமைந்த இரட்டை சிலிண்டர்) எஞ்சின் திணறுவதில்லை. வேதாரண்யம் தாண்டி அகஸ்தியம்பள்ளி உப்பளங்களின் நடுவே போகும்போது பக்கவாட்டுக் காற்று சின்ன வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே இதே எடைதான் என்னை நேர்கோட்டில் வைத்திருக்கிறது. நிற்கும்போது நான் திட்டுகிற எடை ஓடும்போது எனக்குக் காவல்.

நியாயமாக எடைபோட்டால் மூன்றில் ஜிஎஸ்தான் முன்னால் நிற்கிறது. ஆனாலும் அதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இறக்கித்தரும் 30 மில்லிமீட்டர், தாழ்ந்து கிடக்கும் நான்கு விரற்கடைக்கு ஈடாகாது. நான்குவழிச் சாலையிலேயே பெரும்பாலும் ஓட்டுகிறவர் தாராளமாக வாங்கலாம். மன்னார்குடியைச் சுற்றிக் கிராமங்களுக்குப் போகிறவருக்கு 196 கிலோ எடையும் 825 மிமீ இருக்கையும் கொண்ட ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போதும் என்றே இப்போது தோன்றுகிறது. என் 650ஐ நான் விற்கப்போவதில்லை. நண்பர் ஜிஎஸ்ஸில்தான் உறுதியாக இருக்கிறார் என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் குறுவை அறுவடை நேரத்தில் ஒரு மழை நாளில், பின்னால் வீட்டாரை உட்காரவைத்து, நெல் காயும் சாலையோரத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கட்டும்.