புது கணினி ஆன் ஆகவில்லை: கழற்றிப் பார்ப்பதா, மாற்றிப் பார்ப்பதா, கடைக்குத் தூக்குவதா?

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த கணினி முதல் தடவை உயிர் பெறாமல் கிடந்தால், யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்து ஓட்டிப் பார் என்பார் ஒருவர். யாரிடமாவது எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி), ரேம் கடன் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுப் பார் என்பார் அடுத்தவர். பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் சோதி என்று ஒரு கட்சி, நேரத்தை வீணாக்காமல் கடைக்குக் கொண்டு போ என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. மற்ற மூன்றும் தப்பு என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஒருவகைப் பழுதுக்குத்தான் பதில் சொல்லும், அந்தப் பழுது உங்களுடையதா என்று தெரியாமல் இறங்கினால் நேரமும் போகும், சில சமயம் நன்றாக இருந்த பாகமும் போகும்.

அதனால் முதலில் கணினி என்ன செய்கிறது என்று பாருங்கள். பட்டனை அழுத்தினால் ஃபேன் கூட அசையவில்லையா? ஒரு நொடி சுற்றி அணைகிறதா? எல்லா ஃபேனும் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லையா? மூன்றும் மூன்று வேறு வியாதி. முதலாவதற்கு எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்ச், 24 பின் கனெக்டர், முன்பக்கப் பவர் பட்டனின் ஒயர் மாட்டிய இடம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் எங்கோ ஷார்ட் ஆவதைக் காட்டும். மூன்றாவதுதான் மிக அதிகம் வருவது, அதில்தான் மக்கள் மிக அதிகமாகத் தவறான பாகத்தைச் சந்தேகிப்பதும்.

ஃபேன் சுற்றுவதால் பவர் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிராசஸருக்குத் தனியாக 12 வோல்ட் கொண்டுவரும் 8 பின் கேபிள் ஒன்று மதர்போர்டின் மேல் மூலையில் மாட்ட வேண்டும். அதை மாட்டாமல் விட்டாலும் பல போர்டுகளில் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது. அதே மாதிரி இன்டெல்லில் பெயர் கடைசியில் எஃப் வரும் பிராசஸர்களுக்கும், ஏஎம்டியின் ரைசன் 5 5600 போன்றவற்றுக்கும் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் படம் வராது, கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.

கழற்றுவதற்கு முன்னால் போர்டு தானாகவே பேசுகிறதா என்று கேட்பது எல்லா வழிகளையும் விட மலிவு. ஆசுஸ் போர்டுகளில் கியூ எல்இடி, எம்எஸ்ஐயில் ஈஸி டீபக் எல்இடி என்று பெயர் வேறு, வேலை ஒன்றுதான்: சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள். ஆன் ஆகும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும், எதில் நின்றுவிடுகிறதோ அங்கே தொந்தரவு. விலை குறைந்த போர்டுகள் சிலவற்றில் இது இருக்காது. அப்படியானால் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டி, ரேமை முழுக்கக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். ரேம் இல்லை என்று போர்டு பீப் அடித்துப் புகார் சொன்னால், பிராசஸர், போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றும் அந்த இடம் வரை வேலை செய்கின்றன என்று அர்த்தம். இவ்வளவு சின்னச் சோதனை மூன்று விலையுயர்ந்த பாகங்களின் மேல் இருந்த சந்தேகத்தை ஒரே அடியில் குறைத்துவிடுகிறது என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

ஆனால் விளக்கு சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. சிபியு விளக்கு எரிந்தால் பிராசஸர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஏஎம்டி பிராசஸர்களுக்கான பி450 போர்டுகள் 2018-ல் வந்தவை, ரைசன் 5 5600 வந்தது 2022-ல். கடை அலமாரியில் பழைய பயாஸோடு (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) கிடந்த பி450 போர்டுக்கு அந்தப் பிராசஸரை அடையாளமே தெரியாது. இன்டெல் 600 வரிசைப் போர்டில் 13 அல்லது 14-ம் தலைமுறைப் பிராசஸரைப் போடும்போதும் இதே கதை வரலாம். பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால், எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் புது பயாஸைப் போட்டு, கையேடு சொல்லும் பெயரை அந்தக் கோப்புக்கு வைத்து, பிராசஸர் துணையே இல்லாமல் ஏற்றிவிடலாம். இந்தப் பழுதுக்கு வெளியே வைத்து ஓட்டிப் பார்ப்பதும் உதவாது, ரேம் மாற்றுவதும் உதவாது.

டிராம் விளக்கு விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை, குறிப்பாக ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டில் டிடிஆர்5 ரேம் போட்டவர்களுக்கு. முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும், மெமரி ட்ரெயினிங் என்பார்கள். பல நிமிடங்கள் திரை கருப்பாகவே இருக்கும், டிராம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சில சமயம் தானாகவே அணைந்து மறுபடி ஆன் ஆகும். ரேம் அளவு கூடக் கூட நேரமும் கூடும். இதைத் தெரியாமல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் அது ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு கால் மணி நேரம் அப்படியே விடுங்கள்.

இதெல்லாம் முடிந்தும் வழியில்லை என்றால், சரி, கழற்றலாம். போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பளபளக்கும் ஆன்டிஸ்டாட்டிக் பை மேல் வேண்டாம், அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக் கூடியது. பிராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின் கேபிள், பிராசஸரின் 8 பின் கேபிள், இவ்வளவுதான் இருக்க வேண்டும். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லை என்றால் மட்டும் கார்டு. ரேம் ஸ்லாட் நான்கு இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதுதான் ஒற்றை ரேமுக்கு உரியது, போர்டில் ஏ2 என்று போட்டிருக்கும். பவர் பட்டன் மாட்டும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும்.

இந்த வழி மேல் எனக்கு இவ்வளவு பற்று இருப்பதற்குக் காரணம், இது ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏதோ ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடும். எல்லாப் பாகத்தையும் சேர்த்தும் வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் பாகம் எதுவும் கெடவில்லை, கேபினெட்டில்தான் சிக்கல். போர்டுக்கு அடியில் துளை இல்லாத இடத்தில் தேவையில்லாமல் நிற்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சின்னக் கால்), பின்பக்கத் தகட்டின் நாக்கு போர்ட்டுக்குள் மடங்கியிருப்பது, பவர் பட்டனே வேலை செய்யாதது, இப்படி எந்தப் பாகத்தை மாற்றினாலும் சரியாகாத பழுதுகள் எல்லாம் இதில்தான் சிக்கும். வெளியேயும் ஓடவில்லையா? எஸ்எஸ்டி, கேபினெட் ஃபேன், யுஎஸ்பி ஒயர், ஆர்ஜிபி விளக்கு எல்லாமே சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கி மூன்று நான்கு பாகம்தான் மிச்சம். இந்தக் குறைந்தபட்சப் பாகங்களோடு ஓடினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ அதுதான் குற்றவாளி.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கும், அழகாகக் கட்டி வைத்த கேபிள்களை அவிழ்க்க மனசு வராது, தண்ணீர்க் கூலர் வைத்தவர்களுக்கு ரேடியேட்டரையும் சேர்த்து வெளியே இழுக்க வேண்டியிருக்கும். காற்றுக் கூலர் என்றால் அதைப் பிராசஸரிலிருந்து கழற்ற வேண்டிய அவசியமே இல்லை, போர்டோடு சேர்த்தே தூக்கலாம். ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பிராசஸரில் கூலரை நேராக மேலே இழுத்தால் தெர்மல் பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், அடியில் இருக்கும் பின்கள் வளையும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் லேசாக அப்படி இப்படித் திருகி, பிடி விட்ட பிறகு எடுங்கள்.

பாகம் மாற்றிப் பார்ப்பது கேட்க எளிமை. நடைமுறையில் அதற்கு ஒத்துப்போகும் பாகம் கையில் இருக்க வேண்டும். டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ஸ்லாட்டில் ஏறாது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகளிலேயே இரண்டு வகையும் உண்டு. கடன் வாங்கிய பாகம் நல்லது என்று யார் உத்தரவாதம் தருவது? தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் சோதித்தால் வரும் பதிலை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு பிரச்சினை, மாற்றியதும் ஓடிவிட்டால் எல்லோரும் பழைய பாகம் கெட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பழையதைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். அதுவும் ஓடினால் ரேம் கெடவில்லை, முதல் தடவை சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.

எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது ஒரு விஷயம் உயிர்நாடி: மாடுலர் வகை, அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடியது என்றால் கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் செருகும் முனைக்குப் பொதுவான தரம் கிடையாது. ஒரு கம்பெனி கேபிள் இன்னொன்றில் அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க்கைப் பொசுக்கிவிடும். பிராசஸர் மாற்றிப் பார்ப்பதை நான் வீட்டில் பரிந்துரைக்கவே மாட்டேன். எல்ஜிஏ சாக்கெட்டின் பின்கள் அவ்வளவு மென்மையானவை, ஒவ்வொரு தடவை திறப்பதும் ஆபத்து.

பச்சை ஒயர் சோதனை பற்றி. எஸ்எம்பிஎஸ்ஸைப் போர்டிலிருந்து பிரித்து, 24 பின் கனெக்டரில் 16-வது பின்னையும் (பழைய நிறக்கணக்கில் பச்சை) ஏதாவது ஒரு கிரவுண்டு பின்னையும் (பழைய நிறக்கணக்கில் கருப்பு) இணைத்தால் அது ஆன் ஆகும். இப்போதெல்லாம் எல்லா ஒயரும் கருப்பாகவே வருவதால் நிறத்தைத் தேடாமல் கனெக்டரின் பூட்டுப் பக்கத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். இதில் தெரிவது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கிறது என்பது மட்டும். சுமை ஏறும்போது தாங்குமா என்று தெரியாது. லோடு இல்லாதபோது ஃபேனை நிறுத்தி வைக்கும் எஸ்எம்பிஎஸ்களில் எல்லாம் சரியாக இருந்தும் ஃபேன் சுற்றாது, அதை வைத்து நல்லதைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். மல்டிமீட்டர் இருந்தால் கதை வேறு. பின்பக்க சுவிட்ச் ஆனில் இருக்கும்போது 9-வது பின்னில், பழைய நிறக்கணக்கில் ஊதா ஒயர், கணினி அணைந்திருந்தாலும் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையென்றால் வேறு எதையும் தேட வேண்டாம். ஓடும்போது 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஃபேனே அசையாத முதல் வகைப் பழுதுக்கு இந்தச் சோதனை நல்லது. டிஸ்ப்ளே வராததற்கு இதில் நேரம் போக்குவதில் பெரிய லாபம் இல்லை.

கடைக்குப் போவதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் வேலை செய்பவர்களிடம் நல்லது என்று தெரிந்த பாகங்கள் கைவசம் இருக்கும், மாற்றிப் பார்க்கும் வழி உண்மையில் பலன் தருவது அங்கேதான். வெளியே வைத்துக் குறைந்தபட்சப் பாகங்களோடு ஓட்டியும், வேறு ரேம், வேறு ஸ்லாட், சிமாஸ் கிளியர் (பயாஸ் அமைப்புகளை அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது) எல்லாம் பார்த்தும் அசையவில்லை என்றால் மிஞ்சுவது போர்டு, பிராசஸர், எஸ்எம்பிஎஸ். அப்போது போங்கள். முழு கேபினெட்டையும் வைத்துவிட்டு ஓடவில்லை என்று மட்டும் சொல்லாமல், எந்த விளக்கில் நின்றது, எதையெல்லாம் கழற்றிப் பார்த்தீர்கள் என்று சொன்னால் அவர்கள் வேலையும் பாதியாகும், உங்கள் செலவும் குறையும்.

போர்டை வாரன்டிக்குக் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் சாக்கெட்டைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள், பிளாஸ்டிக் மூடியைப் போட்டே கொடுங்கள். வளைந்த பின் இருந்தால் பொதுவாக அதை நீங்கள் உண்டாக்கிய சேதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், வாரன்டி கிடைக்காது. பல கடைகளில் பழுதான புதுப் பொருளை நேரடியாக மாற்றித் தரும் கெடு சில நாட்கள்தான், அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர் வழியாக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே பாகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுபடி பார்த்து மாதக்கணக்கில் சேர்ப்பவர்கள், போர்டும் பிராசஸரும் ரேமும் கைக்கு வந்த அன்றே கேபினெட்டுக்குக் காத்திராமல் அட்டைப்பெட்டி மேல் வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கியாவது.